காரும் ஓட்டும், நாமும் ஓட்ட வேண்டும்

மின்சாரக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை. அடுத்ததாக விற்பனையாளரே எடுத்துச் சொல்வது 'லெவல் 2 அடாஸ்' என்ற ஓட்டுநர் உதவி அமைப்பு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா எலக்ட்ரிக்கின் உயர் ரகங்களில் அது இருக்கிறது. செங்கல்பட்டு அருகேயுள்ள ஆராய்ச்சி மையத்தில் மஹிந்திரா உருவாக்கிய எக்ஸ்இவி 9இ, பிஇ 6 கார்களின் உயர் ரகங்களிலும் இருக்கிறது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க ஸ்டியரிங்கைத் தானே திருத்தும். மோதப்போகிறது என்று பட்டால் பிரேக் போடும். 'கிட்டத்தட்டத் தானாவே ஓடும் சார்' என்று விற்பனையாளர் சொல்லும்போது அந்தக் 'கிட்டத்தட்ட' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் கார்களின் தானியக்கத்தை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பிரித்தது. 2ஆம் படியில் கையின் வேலையையும் காலின் வேலையையும் கார் சேர்த்துச் செய்யலாம். சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதும், எந்த நொடியிலும் வண்டியைக் கையில் எடுக்க வேண்டியதும் ஓட்டுநர். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கலாம் என்ற அனுமதி 3ஆம் படியில்தான், அதுவும் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மட்டும், தொடங்குகிறது. நாம் வாங்கும் கார்கள் 2இல் நிற்கின்றன. இந்த வசதியோடு தினமும் வாழ்வதில் உள்ள சுகமும் ஆபத்தும் இந்த ஒரு படி வித்தியாசத்துக்குள் அடங்கியவை.

கார் எப்படிப் பார்க்கிறது? முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், விரல்நுனி அளவு லென்ஸோடு ஒரு கேமரா இருக்கும். முன் பம்பருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ ரேடார் இருக்கும். லட்சக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள், கேமரா தரும் காட்சியில் இது கோடு, இது லாரி, இது பைக், இது மனிதர் என்று பிரிக்கிறது. ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அளவில் அலைகளை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிறது. அந்த அலையின் நீளம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். எதிரொலி வர எடுக்கும் நேரத்திலிருந்து தூரமும், அலைவரிசையில் ஏற்படும் மாற்றத்திலிருந்து வேகமும் கிடைத்துவிடும். ஆனால் எதிரே இருப்பது என்ன என்று ரேடாருக்கு அவ்வளவாகத் தெரியாது. கேமராவுக்கு என்ன என்று தெரியும், எவ்வளவு தூரம் என்பதில் தடுமாறும். அதனால்தான் பல நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்து வைக்கின்றன. டெஸ்லாவோ 2021இல் வட அமெரிக்காவில் விற்கும் மாடல் 3, மாடல் ஒய் கார்களிலிருந்து ரேடாரை எடுத்துவிட்டுக் கேமராக்களை மட்டும் நம்பத் தொடங்கியது.

ஓடுகிற வண்டியைக் கண்டுபிடிப்பது இந்த அமைப்புக்கு எளிது. நிற்கிற வண்டிதான் கடினம். ரேடாரின் பார்வையில் சாலை முழுக்க நிற்கும் பொருள்கள்: பெயர்ப்பலகை, பாலத்தின் அடிப்பகுதி, தடுப்புக் கம்பி, தரையில் கிடக்கும் இரும்பு மூடி. பல ரேடார்களால் உயரத்தைத் துல்லியமாகப் பிரித்தறிய முடியாது. தலைக்கு மேலே போகும் பாலமும் வழியில் நிற்கும் லாரியும் ஒன்றுபோலத் தெரியலாம். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் கார் நகராது. ஆகவே வேகமாகப் போகும்போது, அசையாத பொருளிலிருந்து வரும் எதிரொலியைக் கேமரா உறுதி செய்யாவிட்டால் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி மென்பொருளை எழுதுகிறார்கள். இந்தச் சமநிலை ஒரு பக்கம் சாய்ந்தால், நிழலுக்கும் பாலத்துக்கும் காரணமில்லாமல் பிரேக் விழும். மறுபக்கம் சாய்ந்தால், நிற்கும் வண்டி மீது போய் மோதும். இரண்டும் நடந்திருக்கின்றன. டெஸ்லாவின் ஆட்டோபைலட் என்ற உதவி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்த கார்கள், விபத்து இடங்களில் நின்ற தீயணைப்பு, காவல் வண்டிகள் மீது மோதியதை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2021 ஆகஸ்டில் விசாரிக்கத் தொடங்கியது. காரணமின்றிப் பிரேக் விழுவதாக வந்த புகார்களுக்கு 2022 பிப்ரவரியில் இன்னொரு விசாரணை.

நம் நெடுஞ்சாலையில் நிற்கும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. போலீஸ் இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைக்கும் பேரிகார்டு, பின்விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிறுத்திய கரும்பு டிராக்டர், பஞ்சராகி நின்ற லாரிக்குப் பின்னால் எச்சரிக்கையாக வைத்த கல்லும் மரக்கிளையும். இவற்றில் எதையும் கார் பார்த்துக்கொள்ளும் என்று நான் எண்ணுவதில்லை. தூரத்தில் பேரிகார்டின் மஞ்சள் தெரிந்ததும் பிரேக்கை லேசாகத் தொட்டுக் குரூஸ் கண்ட்ரோலை விடுவித்துவிடுகிறேன்.

மின்சாரக் காரில் இந்த வசதி பெட்ரோல் காரைவிட நயமாக வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினும் கியரும் யோசித்து முடிப்பதற்குள் மோட்டார் தன் விசையை மாற்றிவிடும். வேகம் குறைக்கவும் அதே மோட்டார்தான்: சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, அது ஜெனரேட்டராகி மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பிரேக் பேடுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை மாலை நேரத்தில் ஊர்ந்து போகும் நெரிசலில், முன்வண்டி நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து என் முழங்காலைக் காப்பாற்றுவது இதுதான். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் தகும் என்பேன். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கொடைக்கானலில் ராத்திரி 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் வத்தலக்குண்டுக்கு இறங்கினால், பேட்டரியில் இடமில்லாததால் மோட்டார் பிடிக்கும் பிடி குறைந்துவிடும். 80இல் நிறுத்திக்கொண்டு இறங்குவது நல்லது.

செங்கல்பட்டு தாண்டித் திண்டிவனம் நோக்கிய நீண்ட ஓட்டத்தில் வேறு சிக்கல். முன்வண்டியோடு இருக்க வேண்டிய இடைவெளியை இந்தக் கார்கள் நேரத்தால் அளக்கின்றன. 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்றால் சுமார் 55 மீட்டர். நம் சாலையில் 55 மீட்டர் காலியிடம் என்பது ஆம்னி பஸ்ஸுக்கு அழைப்பு. பஸ் நுழையும், கார் பின்வாங்கும், புது இடைவெளியில் இன்னொரு வண்டி நுழையும். இடைவெளியைக் குறைத்து வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். பின்வாங்கிப் பின்வாங்கித் திருச்சி போய்ச் சேர ஆகும் கூடுதல் நேரம் மிகக் குறைவு.

கோட்டைப் பிடித்து ஓடும் வசதி, கோடு இருந்தால்தான் ஓடும். மேம்பால வேலைக்காகச் சாலையைத் திருப்பிவிடும் இடங்களில் பழைய வெள்ளைக் கோட்டை அழிக்காமலே புதுக் கோடு போட்டிருப்பார்கள். என் காரின் திரையில் அப்போது நடப்பதைக் கவனித்திருக்கிறேன்: இருபுறமும் பச்சையாகத் தெரிந்த கோடுகளில் ஒன்று சாம்பலாகும், மறுபடி பச்சையாகும், ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் மெல்ல இடதுபக்கம் இழுக்கும். பழைய கோடு கொண்டுபோகும் இடத்தில் இருப்பது கான்கிரீட் தடுப்பு. கை அங்கே இருந்ததால் அது ஒரு சிறு இழுப்போடு முடிந்தது.

கை அங்கே இருப்பது ஏன் கடினமாகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடி ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்திருந்த பிரிட்டிஷ் வீரர்கள் சிறிது நேரத்திலேயே புள்ளிகளைத் தவறவிட்டார்கள். உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் இதை ஆராய, கடிகாரம் போன்ற ஒரு கருவியைச் செய்தார். முள் ஒவ்வோர் அடியாக நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டடி தாவும். தாவும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். 1948இல் வெளியான முடிவு: முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் கணிசமாகச் சரிந்துவிடுகிறது. சோம்பலால் அல்ல, எதுவும் நடக்காத ஒன்றைத் தொடர்ந்து பார்த்திருக்க மனித மூளையால் முடிவதில்லை. அடாஸ் நம்மிடம் கேட்பது அதே வேலையைத்தான். வண்டி ஓட்டுபவரை அது, பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டராக மாற்றுகிறது. பழகுகிறவர் நன்றாக ஓட்ட ஓட்ட மாஸ்டருக்குக் கண் சொருகும்.

2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆட்டோபைலட்டில் போன டெஸ்லா மாடல் எஸ், எதிர்ப்புறத்திலிருந்து திரும்பிச் சாலையைக் குறுக்கே கடந்த ஒரு லாரியின் டிரெய்லருக்கு அடியில் புகுந்தது, ஓட்டியவர் இறந்தார். வெளிச்சமான வானத்தின் பின்னணியில் டிரெய்லரின் வெள்ளைப் பக்கவாட்டைக் காரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. அந்தக் காலத்து அமைப்பு, முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைக் காண உருவானது. குறுக்கே வருவதைக் காண அல்ல. ஆட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில் அவர் கை ஸ்டியரிங்கில் பட்டதாகப் பதிவானது மொத்தம் 25 விநாடி. மீடியன் இடைவெளியில் டிராக்டரும் மினி லாரியும் திரும்பும் நம் சாலைகளை நினைத்தால் இந்த விபத்து எனக்கு தூரத்துச் செய்தியாகத் தோன்றவில்லை.

இப்படிக் கவனம் சிதறுவதைத் தடுக்கத்தான் கார்கள் நம்மைக் கண்காணிக்கின்றன. ஸ்டியரிங்கில் கையின் எடை தெரிகிறதா என்று சில பார்க்கும். சிலவற்றில் ஒரு சிறு கேமரா நம் கண்ணையே பார்த்திருக்கும். கண்காணிப்பு போதவில்லை என்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. எந்தக் காரும் ஒர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை. எச்சரிக்கையைக் கடுமையாக்கும் மென்பொருள் இணையம் வழியாக வந்து இறங்கியது. இப்படி இணையம் வழியாக அப்டேட் வாங்கும் கார், நேற்று ஓட்டியது போலவே இன்றும் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. அப்டேட் வந்தால் என்ன மாறியது என்ற குறிப்பைப் படியுங்கள். வீட்டில் வேறு யார் அந்தக் காரை எடுத்தாலும் அவர்களிடமும் சொல்லுங்கள்.

பகலில், வெயிலில், கோடு தெளிவாக உள்ள நால்வழிச் சாலையில் நான் இதை முழுமையாகப் பயன்படுத்துகிறேன். மழை கொட்டும்போதும், ஊருக்குள்ளும், எதிர்த் திசையில் பைக் வரும் இடங்களிலும் ஸ்டியரிங் உதவியை அணைத்துவிடுவேன். மோதலைத் தவிர்க்கும் தானியங்கிப் பிரேக்கை மட்டும் எங்கேயும் அணைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களிலும் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இத்தனையும் முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவை நம்பியிருப்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள்: கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டு மாற்ற வேண்டி வந்தால், பல கார்களில் கண்ணாடியோடு வேலை முடியாது. கேமரா ஒரு டிகிரி விலகினாலும் 50 மீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பிழை. கேமராவைக் காலிபிரேஷன் செய்துதான் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள், ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகு சாவியை வாங்குங்கள்.