முதல் மேட்ச் ஜெயிச்சா சீசன் நம்மதா? தமிழ் தலைவாஸ் முதல் என்.பி.ஏ. வரை: தொடக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

2025 ஆகஸ்ட் 29, விசாகப்பட்டினம். புரோ கபடி லீக் 12-வது சீசனின் முதல் ஆட்டம். தமிழ் தலைவாஸ் 38, தெலுங்கு டைட்டன்ஸ் 35. கேப்டன் பவன் ஷெராவத், 1.405 கோடி ரூபாய்க்கு வாங்கின அர்ஜுன் தேஷ்வால், இரண்டு பெரிய ரெய்டர்களும் ஒரே அணியில். 'இந்த வருஷம் கப் நமக்குத்தான்' என்று அன்னைக்கு ராத்திரியே பலரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க.

அக்டோபர் கடைசியில் நிலைமை என்ன? அந்த ஆட்டத்தில் ஜெயித்த தலைவாஸ் முதல் எட்டு இடத்துக்குள் கூட வரவில்லை. தோற்ற டைட்டன்ஸ், இறுதிப்போட்டிக்கு ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும் வரை போய், புனேரி பல்தானிடம் தோற்று வெளியேறியது.

இது கபடிக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில், 2024 அக்டோபர் 22-ம் தேதி தொடக்க நாள். நடப்பு சாம்பியன் போஸ்டன் செல்டிக்ஸ், நியூயார்க் நிக்ஸை 132-109 என்று நொறுக்கியது. அந்த ஒரே ஆட்டத்தில் 29 மூன்று புள்ளி ஷாட். லீக் வரலாற்றிலேயே அதிகபட்ச எண்ணிக்கையைச் சமன் செய்த ஆட்டம். ஏழு மாதம் கழித்து, 2025 மே மாதம், பிளே ஆஃப் இரண்டாம் சுற்றில் அதே நிக்ஸ், அதே செல்டிக்ஸை 4-2 என்று வீட்டுக்கு அனுப்பியது.

அப்போ தொடக்க ஆட்டங்களைப் பார்த்து எதையும் சொல்லவே முடியாதா? முடியும். ஆனா எதைப் பார்க்கணும் என்பதில்தான் விஷயம் இருக்கு.

இதில் நமக்கு என்ன?

மருதாநதி அணைக்குக் கீழே தென்னந்தோப்பும் தேங்காய் வியாபாரமுமா இருக்கும் அய்யம்பாளையம் பக்கத்தில் கபடி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவிழா வந்தா கபடிப் போட்டி வரும். கூடைப்பந்தும் அந்நியமில்லை. வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி தாண்டினா பெரியகுளம். அங்கே பி.டி. சிதன் நினைவு அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி 60 ஆண்டுகளுக்கும் மேலாக மே மாசத்தில் நடந்துட்டு வருது. ராணுவம், வங்கி, மின்வாரிய அணிகள் எல்லாம் வந்து ஆடுற ஊர் அது. கோடை விடுமுறைக்கு அங்கே போய் ராத்திரி ஆட்டம் பார்த்தவங்க இந்தப் பக்கத்தில் நிறைய பேர்.

அந்த மாதிரி ஒரு வாரப் போட்டியில் முதல் ஆட்டம்னா அது பாதி போட்டி. ரெண்டு தோல்வி வந்தா பெட்டியைக் கட்டணும். மாசக்கணக்கில் நடக்கும் லீக்கின் கணக்கே வேற. நம்மில் பலர் லீக்கையும் டோர்னமென்ட் கண்ணாலதான் பார்க்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்குது.

இன்னொரு காரணமும் இருக்கு, அது பணம். முதல் வார ஃபார்மை நம்பி ஃபேன்டஸி ஆப்பில் காசு கட்டினவங்க நிறைய. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். கபடி சீசன் தொடங்க சரியா ஒரு வாரம் முன்னாடி. சட்டம் வராமல் இருந்திருந்தா, அந்த 38-35 ஸ்கோரை நம்பி எத்தனை பேர் கையைச் சுட்டிருப்பாங்களோ.

தலைவாஸின் 'நல்ல தொடக்கம்' என்கிற பழைய வியாதி

தமிழ் தலைவாஸ் லீக்குக்குள் வந்தது 2017-ல். அதன் சீசன்களை வரிசையா எடுத்துப் பார்த்தா ஒரு வினோதம் தெரியும்.

2018: சொந்த ஊரான சென்னையில் முதல் ஆட்டம். மூன்று முறை தொடர் சாம்பியனான பாட்னா பைரேட்ஸை 42-26 என்று சாய்த்தார்கள். அடுத்து வந்தது வரிசையா தோல்வி. தங்கள் பிரிவில் கடைசி இடம்.

2019: அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மன்ஜீத் சில்லர் என்று கபடியின் பெரிய பெயர்கள் ஒரே அணியில். முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 39-26 என்று வென்றது. முடிவில் 12 அணிகளில் 12-வது இடம்.

2024: முதல் ஆட்டத்தில் மறுபடியும் அதே டைட்டன்ஸ், 44-29. அடுத்து நடப்பு சாம்பியன் புனேரி பல்தானையே வீழ்த்தினார்கள். முதல் ரெண்டு ஆட்டத்திலும் வெற்றி. 2.15 கோடிக்கு வாங்கின சச்சின் தன்வரும் நரேந்தர் கண்டோலாவும் சேர்ந்தா யாராலும் நிறுத்த முடியாதுன்னு பேசினாங்க. சீசன் முடிந்தபோது ஒன்பதாவது இடம்.

2025: மேலே சொன்ன கதைதான். மூன்று சீசன்களில் முதல் ஆட்டத்து எதிரி டைட்டன்ஸ், மூன்றிலும் வெற்றி, மூன்றிலும் பிளே ஆஃப் இல்லை. டைட்டன்ஸை முதலில் ஜெயிப்பதே ராசியில்லையோன்னு ரசிகர்கள் கிண்டல் பண்றதில் நியாயம் இருக்கு.

இதற்கு நேர் எதிரான ஒரு சீசனும் உண்டு. 2022. அந்த வருஷம் பவன் ஷெராவத்தை 2.26 கோடி கொடுத்து வாங்கினார்கள், அப்போது லீக் வரலாற்றிலேயே அதிக விலை. அக்டோபர் 8-ம் தேதி, குஜராத் ஜெயண்ட்ஸுக்கு எதிரான முதல் ஆட்டம். ரெய்டு வந்தவரைத் தடுக்கப் போய் பவனுக்கு முழங்காலில் அடி. களத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள், சீசனே முடிஞ்சுது. ஆட்டம் 31-31 என்று டிரா. அதற்கப்புறம் சில வாரம் அட்டவணையின் அடியில் கிடந்த அணி, பயிற்சியாளர் உதயகுமார் விலகி அஷன் குமார் வந்த பிறகு மெல்ல எழுந்தது. பெரிசா யாருக்கும் பெயர் தெரியாத நரேந்தர் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தார். எலிமினேட்டரில் உ.பி. யோதாஸை டை பிரேக்கரில் தாண்டி, அரையிறுதியில் புனேரியிடம் 37-39 என்று தோற்றார்கள். 2017 முதல் 2025 வரை தலைவாஸ் அரையிறுதி பார்த்த ஒரே சீசன், மிக மோசமாகத் தொடங்கிய சீசன்தான்.

பவனுக்கு அடிபடாமல் இருந்திருந்தா நரேந்தருக்கு அத்தனை ரெய்டு கிடைச்சிருக்குமா? கிடைச்சிருக்காது என்பதுதான் என் எண்ணம்.

முதல் வாரம் ஏன் ஏமாத்துது?

முதல் காரணம், எண்ணிக்கை. 2025 சீசனில் ஒவ்வொரு கபடி அணிக்கும் 18 லீக் ஆட்டம். என்.பி.ஏ.-வில் 82. கபடியில் மூணு ஆட்டம் முடிந்தால் சீசனில் ஆறில் ஒரு பங்கு போச்சு. கூடைப்பந்தில் அதே அளவுக்குப் போக 14 ஆட்டம் ஆடணும். மூணு ஆட்டத்தில் எதிரி யார், யாருக்குக் காய்ச்சல், எந்த ரிவ்யூ யாருக்குச் சாதகம் என்பதெல்லாம் சேர்ந்து முடிவையே மாத்திடும்.

இதில் ஒரு சிக்கல், 2025-ல் புள்ளி முறையும் மாறியது. முன்பு வெற்றிக்கு 5 புள்ளி, ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஆறுதலா 1 புள்ளி. இப்போ வெற்றிக்கு 2, தோல்விக்குப் பூஜ்யம். டிரா ஆனாலும் டை பிரேக்கர் வைத்து ஒருத்தரை ஜெயிக்க வைக்கிறார்கள். ஆக, ஒரே ஒரு ரெய்டில் தோற்ற அணியும், 25 புள்ளியில் அடி வாங்கிய அணியும் அட்டவணையில் ஒரே மாதிரி தெரியும். பெங்களூரு புல்ஸ் அப்படித்தான். முதல் ஆட்டமே புனேரியுடன் 32-32, டை பிரேக்கரில் தோல்வி. முதல் மூணும் போனது. 'அணி அவ்வளவுதான்'னு சொன்னாங்க. லீக் முடியும்போது மூன்றாவது இடம்! இந்தப் பக்கம் உ.பி. யோதாஸ் முதல் ரெண்டையும் ஜெயித்துவிட்டு எட்டுக்குள் வராமல் போனது.

இரண்டாவது காரணம், வீடியோ. சீசன் தொடக்கத்தில் ஒரு ரெய்டர் புதுசா என்ன வச்சிருக்கார்னு யாருக்கும் தெரியாது. நாலஞ்சு ஆட்டம் ஆனதும் எதிரணி உட்கார்ந்து பார்த்துடும். எந்தப் பக்கம் திரும்புறார், போனஸுக்கு எந்தக் காலை நீட்டுறார், டூ ஆர் டை ரெய்டில் என்ன செய்றார் என்பதெல்லாம் வெளியே வந்துடும். அதன் பிறகும் புள்ளி எடுக்கிறவர்தான் உண்மையான ஃபார்மில் இருக்கிறார். 2025-ல் பாட்னாவின் அயான் அப்படி ஆடினார். அணி சீசனின் பெரும்பகுதி அடிமட்டத்தில் கிடந்தாலும், 300-க்கு மேல் ரெய்டு புள்ளி எடுத்தார். கடைசிக் கட்டத்தில் தொடர்ச்சியா ஜெயித்து பிளே இன்னுக்குள் நுழைந்த பாட்னாவை நிறுத்தியதும் டைட்டன்ஸ்தான்.

மூன்றாவது, கூடைப்பந்தில் ரொம்பவே தெளிவாகத் தெரியும் ஒன்று: தூர ஷாட்டின் அதிர்ஷ்டம். மூன்று புள்ளி ஷாட்டில் நல்ல அணிக்கே நூற்றுக்கு 36, 37 தான் விழும். ஒரு நாள் பாதி விழும், இன்னொரு நாள் கால்வாசி. செல்டிக்ஸ் கதையின் மறுபாதி இதுதான். தொடக்க நாளில் 29 விழுந்த அதே அணி, மே மாதம் நிக்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 60 தடவை எறிந்து 15-தான் போட்டது. ஆட்கள் மாறவில்லை, திட்டம் மாறவில்லை. அன்னைக்குப் பந்து விழவில்லை, அவ்வளவுதான். நாலாவது ஆட்டத்தில் ஜேசன் டேட்டமுக்கு குதிகால் நரம்பு கிழிந்தது தனிக் கொடுமை.

சரி, தொடக்கம் எப்போ உண்மையைச் சொல்லும்?

அதே 2024-25 என்.பி.ஏ. சீசனிலேயே எல்லா வகைக்கும் உதாரணம் இருக்கு. கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் புதுப் பயிற்சியாளர் கென்னி அட்கின்சனுடன் 15-0 என்று தொடங்கியது. முடிவில் 64 வெற்றி, 18 தோல்வி. ஆக தொடக்கம் பொய்யில்லை. ஆனா பிளே ஆஃப் இரண்டாம் சுற்றில் இந்தியானா பேசர்ஸ் 4-1 என்று முடித்துவிட்டது. அந்தப் பேசர்ஸ் எப்படித் தொடங்கியது தெரியுமா? 10 வெற்றி, 15 தோல்வி. அங்கிருந்து 50-32 என்று முடித்து, இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை போனது. மிச்சம் 57 ஆட்டம் இருந்ததால்தான் அது முடிந்தது. கபடியில் அதே விகிதத்தில் சரிந்தால் எழுந்திருக்க 12, 13 ஆட்டம்தான் மிச்சம்.

பிலடெல்பியா 76-யர்ஸ் 3-14 என்று தொடங்கி 24-58 என்று முடித்தது. தொடக்கம் சொன்னதே நடந்தது. காரணம் எளிது. நட்சத்திர வீரர் ஜோயல் எம்பீட் சீசன் முழுக்கவே 19 ஆட்டம்தான் ஆட முடிந்தது. முழங்கால் சரியாகாமல் அணி சரியாகாது என்பது நவம்பரிலேயே தெரிந்தது.

சாம்பியனான ஓக்லஹோமா சிட்டி தண்டர் 7-0 என்று தொடங்கி 68-14 என்று முடித்தது. அவங்களிடம் வெற்றி எண்ணிக்கையை விட முக்கியமானது வித்தியாசம். சராசரியா ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 13 புள்ளி அதிகம். வித்தியாசம் பெரிசா இருந்து, அது தூர ஷாட்டால் வராமல் தடுப்பாட்டத்தால் வந்தால், அந்தத் தொடக்கத்தை நம்பலாம்.

கபடிக்கும் கிட்டத்தட்ட அதே அளவுகோல்தான். ரெய்டர் ஒருத்தர் தினமும் 15 புள்ளி எடுத்து ஜெயிக்கும் அணியை விட, டேக்கிளில் ஒழுங்கா புள்ளி சேர்க்கும் அணி நீண்ட சீசனுக்குத் தாங்கும். 2025-ல் பெங்கால் வாரியர்ஸ் 2.205 கோடிக்கு வாங்கின தேவாங்க் தலால் ரெய்டில் புள்ளிகளைக் குவித்தும் அணி மேலே வரவில்லை. 2.23 கோடி ஷாட்லூயியை வைத்திருந்த குஜராத்தும் எட்டுக்குள் இல்லை. ஏலத்து விலையைப் பார்த்து அணியை எடை போடுறது, முதல் மேட்சைப் பார்த்து எடை போடுறதை விட மோசம்.

எந்த ஸ்கோர் கார்டிலும் தெரியாத ஒன்று

2025 செப்டம்பரில் தலைவாஸுக்கு நடந்தது ஆட்டத்துக்கு வெளியே நடந்தது. ஒழுங்கு நடவடிக்கையாக கேப்டன் பவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், மீதிச் சீசனில் அவர் இல்லை என்றும் அணி அறிவித்தது. பவன் அதை வெளிப்படையாக மறுத்தார். அர்ஜுன் தேஷ்வால் கேப்டன் பொறுப்பை ஏற்றார். இரண்டு பெரிய ரெய்டர்களை நம்பிக் கட்டிய அணியில் ஒருத்தர் நடுவழியில் இல்லாமல் போனால் மிச்சம் இருப்பவர் மேல் அத்தனை சுமையும் விழும். விழுந்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. 2022-ல் பவன் இல்லாமல் போனபோது அணி எழுந்தது. 2025-ல் பவன் இல்லாமல் போனபோது எழவில்லை. முதல் தடவை சீசனின் முதல் நாளிலேயே நடந்தது, 22 ஆட்டம் கொண்ட சீசன், மாற்று ஆளைத் தயார் செய்ய நேரம் இருந்தது. இரண்டாவது தடவை 18 ஆட்டம் கொண்ட சீசனில், திட்டமெல்லாம் போட்ட பிறகு. அதனால அடுத்த சீசனில் தலைவாஸ் முதல் ஆட்டத்தை ஜெயிச்சா, ஸ்கோரோடு நிறுத்திடாம, மாற்று வரிசையில் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு ஒரு தடவை பாருங்க. எதிரணி டைட்டன்ஸா இருந்தா, கட்டாயம் பாருங்க.