குஞ்சுக்குத் தீவனம் மட்டும் போதுமா?

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள். கொட்டையில் எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு மலிவான தீவனம். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் அதன் நாரை உடைத்துக் கொடுத்துவிடும். கோழிக்குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. நாரில் பெரும்பகுதி மன்னான், அதாவது மன்னோஸ் என்ற சர்க்கரையின் நீண்ட சங்கிலி; அதை அறுக்கும் நொதி குஞ்சின் உடலில் சுரப்பதே இல்லை. அதனால்தான் மன்னானேஸ் நொதியைத் தீவனத்தில் கலக்கிறார்கள். அறுபட்ட துண்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இ.கோலை, சால்மொனெல்லா பாக்டீரியா வகைகள் பல, குடல்சுவரிலுள்ள மன்னோஸைப் பற்றித்தான் அங்கே ஒட்டுகின்றன. தீவனத்திலேயே மன்னோஸ் துண்டுகள் கிடைத்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிட வாய்ப்புண்டு.

கிருமிகளை அடக்க ஆன்டிபயாட்டிக் கலந்தால் சுலபமாக முடியுமே என்று சிலர் கேட்கலாம். முடிந்தது உண்மை, அதற்கு நாம் கொடுத்த விலைதான் அதிகம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எதிர்க்கும் மரபணு பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுவதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் மருந்து அது. மலேசியா 2019 முதல் உணவுக் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது, சரியான முடிவு. நிறுத்தினால் பண்ணை நொடித்துவிடும் என்ற அச்சத்துக்கு டென்மார்க் பதில் சொல்லியிருக்கிறது: வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை விட்டதும் பால்மறந்த பன்றிக்குட்டிகளுக்குச் சில காலம் வயிற்றுப்போக்கு கூடியது, ஆனால் உற்பத்தி சரியவில்லை. நொதியும் சர்வரோக நிவாரணி அன்று. பிண்ணாக்கே இல்லாத தீவனத்தில் மன்னானேஸுக்குப் பெரிய வேலை இல்லை. குளிரில் நடுங்கும் குஞ்சையும் அழுக்குத் தண்ணீரையும் அது சரிசெய்யாது. பொட்டலம் வாங்குமுன், எந்தத் தீவனப்பொருளுக்கு எந்த நொதி என்று விற்பவரிடம் கேளுங்கள்.