உந்தமும் கணத்தாக்கும்

மட்டைப்பந்து ஆட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். விரைந்து வரும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரர், பந்து உள்ளங்கையிற் பட்டவுடன் கைகளைப் பின்னோக்கி இழுத்துக்கொள்கிறார். பழக்கமில்லாத சிறுவனோ கைகளை விறைப்பாக நீட்டிப் பந்தை ஏற்கிறான். உள்ளங்கை சிவந்து வலியால் துடிக்கிறான். பந்து ஒன்றே, அதன் வேகமும் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒருவர் கை நோகாதிருப்பதும் மற்றவன் கை நோவதும் ஏன்?

இயங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் உந்தம் உண்டு. பொருளின் நிறையை அதன் திசைவேகத்தாற் பெருக்கினால் உந்தம் கிடைக்கும். பாரம் ஏற்றிய வண்டி மெல்ல உருண்டு வந்தாலும் அதனைத் தடுத்து நிறுத்துதல் அரிது. அதன் நிறை பெரிது. துப்பாக்கிக் குண்டு மிகச் சிறியது. ஆயினும் அதன் வேகம் பெரிதாகலின், எதிர்ப்பட்டதைத் துளைத்துச் செல்கிறது.

உந்தத்தை மாற்றுவதற்கு விசை வேண்டும். இவ்வுண்மையை ஐசக் நியூட்டன் என்னும் ஆங்கில நாட்டு அறிஞர் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் ஒரு விதியாக வகுத்துரைத்தார். விசையை அது செயற்படும் நேரத்தாற் பெருக்கி வருவதைக் கணத்தாக்கு என்பர். கணத்தாக்கு எவ்வளவோ, உந்தத்தில் நிகழும் மாற்றமும் அவ்வளவே. ஆகவே, ஓர் உந்தத்தைப் போக்குவதற்குப் பெருவிசை சிறிது நேரம் செயற்படலாம். அல்லது சிறுவிசை நெடுநேரம் செயற்படலாம்.

160 கிராம் நிறையுள்ள பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். விறைத்த கை அதனை ஒரு நொடியின் 200இல் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்துமாயின், கை தாங்கும் விசை 640 நியூட்டன். இஃது ஏறத்தாழ 65 கிலோகிராம் சுமையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். கையைப் பின்னிழுத்து, 20இல் ஒரு பங்கு நொடியில் நிறுத்தினால், விசை 64 நியூட்டனாகக் குறைகிறது. நேரம் பத்து மடங்கு நீண்டது; விசை பத்தில் ஒன்றாயிற்று.

பீங்கான் கலங்களை வைக்கோலிற் பொதிந்து அனுப்புவதும், உயரம் தாண்டுவோர் விழுமிடத்தில் மணலைப் பரப்புவதும் இக்கருத்துப் பற்றியே. பெருவிசை வேண்டுமிடத்தில் நேரத்தைக் குறைத்தல் வேண்டும். சுத்தியலின்மேல் துணியைச் சுற்றி அடித்தால் ஆணி எளிதில் இறங்காதன்றோ?

இனி, உயிர் காக்கும் செய்தி ஒன்றைக் காண்போம். மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் மோட்டார் வண்டி ஒரு சுவரில் மோதுகிறது. வண்டி நின்றாலும் உள்ளே அமர்ந்திருப்பவர் அதே வேகத்துடன் முன்னோக்கிப் பாய்கிறார். 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் எதிரேயுள்ள பலகையில் மோதி 100இல் ஒரு பங்கு நொடியில் நின்றால், அவர்மேல் விழும் விசை 75,000 நியூட்டன். இருக்கைப்பட்டை அவரைப் பிணித்து, நசுங்கும் வண்டியோடு 10இல் ஒரு பங்கு நொடியில் நிறுத்துமாயின், விசை 7,500 நியூட்டனே. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் இப்பட்டையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்தார். 1959ஆம் ஆண்டில் வோல்வோ வண்டிகளில் அது பொருத்தப்பெற்றது.

தலைக்கவசத்தின் பயனும் இத்தகையதே. அதன் உள்ளே பதித்த நுரைப்படலம் அடிபடும்போது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. ஒருமுறை நசுங்கிய படலம் மீண்டும் அவ்வாறு காவாது. ஆதலின் பலத்த அடிபட்ட கவசத்தை மாற்றிவிடல் வேண்டும். கழுத்துவாரை இறுக்காது அணிந்த கவசமோ, அடி விழுமுன்னரே கழன்று ஓடிவிடும்.

பத்தில் ஒரு பங்கு நொடி என்பது கண் இமைக்கும் அளவினதே. அச்சிறு நேரத்தை நமக்கு ஈட்டித் தருவன பட்டையும் கவசமும். அவற்றை மறவாது அணிதல், நாம் கற்ற இயற்பியலை வாழ்வில் கடைப்பிடிப்பதாகும்.