பல்லி சொன்ன பலன்

விக்ரோலியில் ஒரு தமிழர் வீடு. ஒரே அறை. காலை நேரம். வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புகிறார். சுவரில் பல்லி "ச்சு, ச்சு" என்கிறது.

"சகுனம் சரியில்லை. கொஞ்சம் இருந்துவிட்டுப் போங்க" என்கிறார் மனைவி.

"நான் இருப்பேன். லோக்கல் வண்டி இருக்குமா?" என்கிறார் அவர்.

மூலையில் இருந்த பாட்டி சிரித்துக்கொண்டே ஒரு பழமொழி சொல்கிறார்.

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி."

கழுநீர் என்பது அரிசி களைந்த தண்ணீர். கிராமத்தில் மாட்டுக்காக அதை ஒரு பானையில் சேர்த்து வைப்பார்கள். அதில் பல்லி தவறி விழுந்து தத்தளிக்கும். விக்ரோலியில் அந்த அறையில் மாடும் இல்லை, பானையும் இல்லை. பழமொழி மட்டும் ரயிலேறி வந்துவிட்டது. பல்லி, துள்ளி என்று ஓசை சேர்ந்து வருகிறது அல்லவா? அதனால்தான் படிக்காதவர்களும் அதை மறக்கவில்லை.

இது பல்லியை மட்டும் கேலி செய்யவில்லை. ஊருக்குப் புத்தி சொல்லிவிட்டுத் தன் வீட்டைக் கோட்டை விடுகிறவரையும் கேலி செய்கிறது. இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். மாமியாரிடம் சொன்னால் கலகம்தான்!

பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் என்று ஒரு பகுதி உண்டு. தலையில் விழுந்தால் கலகம் என்று அதில் இருக்கும். தலையில் பல்லி விழுந்தால் யாரும் அலறுவோம். அக்கம்பக்கத்தார் ஓடி வருவார்கள். அப்புறம் பலன் பலிக்காமல் என்ன செய்யும்?

உண்மையில் பல்லி நம்மிடம் பேசவில்லை. "இது என் இடம், கிட்டே வராதே" என்று இன்னொரு பல்லிக்குக் குரல் கொடுக்கிறது.

விக்ரோலியில் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களிடமும் இப்படி ஒரு கேலி உண்டு. "நாரியா, நல்ல வார்த்தை சொல்லு" என்றார்களாம். அவன் "பந்தலில் தீப்பிடித்தது" என்றானாம்.

பல்லிக்கு நேர்ந்தது கிளி ஜோசியத்துக்கும் நேர்ந்தது. 2024 ஏப்ரலில் கடலூர்ப் பக்கம் ஒரு கிளி, தேர்தலில் ஒருவர் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்தது. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறையினர் வந்தார்கள். கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். ஜோசியரை எச்சரித்து அனுப்பினார்கள். பாவம், அவருக்கும் அது பிழைப்பு. ஆனால் வனத்துறை வரும் என்று கிளி சீட்டு எடுக்கவில்லை. வேட்பாளரும் ஜெயிக்கவில்லை.

பலன் கேட்டுச் சிரித்தால் செலவு இல்லை. பரிகாரம் என்னும்போதுதான் செலவு வருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். மனம் பயந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவர் வாசலில் நின்று, "தோஷம் இருக்கிறது, தாயத்து கட்ட வேண்டும்" என்பார். டாக்டருக்கு வைத்திருந்த பணம் அவர் பைக்குப் போகும்.

அந்தப் பாட்டி அப்போதும் இதே பழமொழியைச் சொல்வார். தாயத்துக்காரர் போன பிறகு அல்ல. அவர் வாசலில் நிற்கும்போதே, அவர் காதில் விழும்படி.