பனி ஏரிக்குக் காவல்

மழைக்காலம் பிறந்துவிட்டால், மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நாம் காலையில் எழுந்ததும் கேட்கும் கேள்விகள் இரண்டு: இன்று மழை எவ்வளவு பெய்யும்? கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு? இவற்றுக்கு விடை தெரிந்தால்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாமா, தரையில் உள்ள அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய இயலும்.

இத்தகைய கேள்வியை நம் நாட்டின் மற்றொரு கோடியில், இமயத்தின் பள்ளத்தாக்குகளில் வாழும் மக்களும் கேட்கின்றனர். அவர்களுடைய அச்சம், தலைக்கு மேலே கண்ணுக்கு எட்டாத உயரத்தில் தேங்கி நிற்கும் பனி ஏரிகளைப் பற்றியது.

அவ்வேரிகள் எவ்வாறு உண்டாகின்றன என்பதை முதலில் காண்போம். பனியாறு என்பது மலைச்சரிவில் மெல்ல நகரும் உறைபனித் திரள். அது நகரும்போது பாறையையும் மண்ணையும் அரித்துக் கொணர்ந்து தன் முகப்பில் மேடாகக் குவிக்கிறது. வெப்பம் மிகுந்து பனியாறு பின்வாங்கும்போது, அந்த மேட்டுக்கும் பனிக்கும் இடையே உருகிய நீர் தேங்குகிறது. இறுக்கமற்ற கல்லும் மண்ணும், இடையிடையே உறைந்த பனியுமே அந்த ஏரிக்குக் கரை. இக்கரை எப்போது சரியும் என்று அறுதியிட்டுச் சொல்வது அரிது.

சிக்கிமின் வடபகுதியில், ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள தென் லோனாக் ஏரி இவ்வகையைச் சேர்ந்தது. அது விரிந்துகொண்டே வருவதைச் செயற்கைக்கோள் படங்கள் பல ஆண்டுகளாகக் காட்டி வந்தன. 2016இல் குழாய்களைப் பொருத்தி நீரின் ஒரு பகுதியை வடித்தனர். 2023 செப்டம்பரில் கண்காணிப்புக் கருவிகளும் அங்கே வைக்கப்பட்டன. ஆயினும் எச்சரிக்கை அமைப்பு முழுமை பெறுமுன், அவ்வாண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரவு, ஏரியின் பக்கக் கரை பெருமளவில் சரிந்து நீருக்குள் வீழ்ந்தது. அதனால் எழுந்த பேரலை முகப்புக் கரையை உடைத்தது. செப்டம்பர் 28இல் சுமார் 167 ஹெக்டேராக இருந்த ஏரி, அக்டோபர் 4இல் 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது. டீஸ்டா நதியில் பாய்ந்த வெள்ளம், சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. பலர் மாண்டனர், பலர் காணாமற் போயினர்.

கரை உடைந்ததற்கும் வெள்ளம் சுங்தாங்கை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. உறங்குவோரை எழுப்பி மேட்டு நிலத்துக்கு அனுப்ப அது போதிய காலம். அந்தக் காலத்தை மக்கள் கையில் கொடுப்பதே கண்காணிப்பின் பயன். செயற்கைக்கோள் ஏரியின் பரப்பை அளக்கிறது. நீர்மட்டமானி ஏற்ற இறக்கத்தைக் குறிக்கிறது. நில அதிர்வுமானி சரிவின் நடுக்கத்தை உணர்கிறது. வானிலை நிலையம் மழையையும் வெப்பத்தையும் பதிவு செய்கிறது. இவை அனுப்பும் செய்தி ஒரு கட்டுப்பாட்டு அறையைச் சேர்ந்து, அங்கிருந்து ஊர்களுக்குச் சங்கொலியாக எட்ட வேண்டும்.

இது நடக்கக்கூடியதே என்பதற்கு ஐஸ்லாந்து சான்று. அந்நாட்டில் பனியாற்றின் அடியிலேயே எரிமலைகள் உள்ளன. எரிமலை, பனியாறு, வானிலை ஆகிய மூன்றையும் அந்நாட்டு வானிலை அலுவலகமே கண்காணிக்கிறது. 1996 செப்டம்பர் 30இல் வட்னாயோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பின் கீழ் எரிமலை வெடித்தது. உருகிய நீர் பனிக்கு அடியில் சேர்வதை அறிவியலார் ஒரு மாதத்துக்கு மேல் கவனித்து வந்தனர். நவம்பர் 5இல் வெள்ளம் பாய்ந்தபோது பாலங்கள் தகர்ந்தன. ஆனால் சாலையை முன்பே அடைத்திருந்ததால் ஓர் உயிரும் போகவில்லை.

நம் மும்பையும் இப்பாடத்தைக் கடும் விலை கொடுத்துக் கற்றது. கொலாபாவில் 1826 முதல் வானாய்வு நிலையம் உண்டு. 2005 ஜூலை 26 அன்று அந்தக் கொலாபாவில் பதிவான மழை சுமார் 73 மில்லிமீட்டர். சாந்தாகுரூஸிலோ 944 மில்லிமீட்டர். ஒரே நகரின் இரு இடங்களுக்கு இடையே இத்தனை வேறுபாடு! ஓரிடத்துக் கருவி மறு இடத்துக்குச் சாட்சி சொல்லாது என்பதை உணர்ந்து, பின்னர் நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. 2020இல் ஐஃப்ளோஸ் மும்பை என்னும் வெள்ள எச்சரிக்கை அமைப்பும் தொடங்கப்பட்டது.

எனினும் கருவியின் வேலை செய்தி சொல்வதோடு முடிகிறது. மித்தி ஆற்றங்கரைக் குடிசையாயினும் டீஸ்டா கரைச் சிற்றூராயினும், அச்செய்தி அங்குள்ளோர் மொழியில், அவர்கள் விழித்தெழும்படி, உரிய நேரத்தில் சென்று சேர வேண்டும். எச்சரிக்கை வந்ததும் எங்கே செல்வது, முதியோரை யார் தூக்கிச் செல்வது என்பதை ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். மலையுச்சியில் கருவி விழித்திருப்பது போதாது. அடிவாரத்தில் நாமும் ஆயத்தமாக இருந்தால்தான் அந்தக் காவல் முழுமை பெறும்.