அறிவினாவும் அறியாவினாவும்

பொது அறிவுப் போட்டி இன்று பாடசாலைதோறும் நடைபெறும் ஒரு சிறு திருவிழாவாகிவிட்டது. விஞ்ஞானம், சங்கீதம், திரைப்படம், நாணயம், பூமிசாத்திரம் என எத்துறையில் வினா எழினும், வினா முடியுமுன்னரே மணியை அடித்து விடையிறுக்கும் மாணாக்கரைக் கண்டு நாமும் மகிழ்ந்ததுண்டு. அத்தகைய போட்டியொன்றின் முடிவில், உலகின் நீண்ட நதி நைல் எனக் கூறிப் புள்ளி பெற்ற மாணவனை அழைத்து, "தம்பி, நம் குடாநாட்டிலுள்ள ஆறு யாது?" என வினவினோம். "இங்கே ஆறு இல்லையே, ஐயா" என்றான். அருகில் நின்ற ஆசிரியரிருவரும் தலையசைத்து அதனை ஆமோதித்தனர்.

தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, மாரியில் ஓடி, அராலியில் நீரேரியைச் சேரும் வழுக்கையாற்றை அம்மூவரும் பலமுறை கடந்தேயிருப்பர். கோடையில் வறண்டு கிடக்கும் அதனை ஆறென்று எண்ண அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. அவர்களைக் குறைகூற இதனை எழுதவில்லை. எம்முள்ளத்தில் எழுந்தது வேறொரு நினைவு.

நன்னூலார் வினாவினை ஆறு வகைப்படுத்தினார். விடையைத் தானறிந்து வைத்துப் பிறனறிவை அளக்க வினவுவது அறிவினா. தானறியாததை அறிய விரும்பி வினவுவது அறியாவினா. ஏனைய நான்கும் இங்கு வேண்டா. போட்டியில் எழுவனவெல்லாம் அறிவினாக்களே. வினவுவோர் கையிலுள்ள தாளில் விடை எழுதப்பட்டிருக்கின்றது. மாணவன் அதனைக் கூறியதும் இருவர் வேலையும் முடிந்துவிடுகின்றது. அவ்விடத்திலேயே அறியாவினா தொடங்கவேண்டுமென்பது எம் கருத்து.

மேற்கூறிய மாணவனிடத்தில் அது தொடங்கிற்று. மறுநாட் காலையில் எம்மைத் தேடிவந்து, "ஆறு வறளுகிறது, கிணறு வறளுவதில்லை. ஆனால் இயந்திரம் பூட்டி இறைத்த நாளில் மாலையில் எங்கள் கிணறு உவர்க்கிறதே, ஏன்?" என்றான். அவன் வீடு கொழும்புத்துறையில் நீரேரிக் கரையை அண்டியது. முன்னாளிற் பூநகரிக்கு வள்ளமேறிய துறைக்கு அணித்தாகப் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதனினுஞ் சிறந்த வினா வேறு யாது?

நம் குடாநாடு சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. பெய்யும் மழைநீர் பாறையின் வெடிப்புக்களூடே கீழிறங்கிவிடுதலின் பேராறு உண்டாவதற்கு இடமில்லை. இறங்கிய நன்னீர், பாறையினுட் புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் வில்லையொன்று போல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இவ்விரண்டின் வேறுபாடே நம் வாழ்வு. கைபன் என்பார் 1888இலும் ஹேர்ஸ்பேர்க் என்பார் 1901இலும் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டனர்: கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழ் நாற்பதடிவரை நன்னீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் பார்க்க. மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அவ்வாறே நிற்குமாயின், அடியிலுள்ள உவர்நீர் நாற்பதடி மேலெழ முயலும். துலாவில் இறைத்த காலத்தில் மனிதன் களைத்துப்போவான், கிணறு இளைப்பாறும். இயந்திரமோ களைப்பதில்லை. இறைக்குமிடத்தில் உவர்நீர் கூம்புபோல மேலெழுந்து வாளிக்கு வந்துவிடுகின்றது.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணறு மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உடையதென்பது இதற்குக் கண்கண்ட சான்று. அதிலிட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்குமென்பது ஊர்க்கதை. தேசிக்காய்க்கு நாம் பிணை நில்லோம். ஆயினும் நிலத்தடிப் பாறையில் நீர் செல்லும் வழிகளுண்டென்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதையே போதும்.

இனி, போட்டிகளில் அடிக்கடி எழும் மற்றொரு வினா: "இலங்கையில் வானொலி தொடங்கிய ஆண்டு யாது?" விடை 1925, அவ்வாண்டு டிசம்பர் 16ஆந் திகதி. பிரித்தானிய ஒலிபரப்பு தொடங்கி மூன்றாண்டே கழிந்திருந்தது. முதலாம் உலகப் போரிற் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் உறுப்புக்களைக்கொண்டு எட்வேட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் முதற் கருவியை அமைத்தாரென்பர். இவ்வளவில் நின்றால் ஒரு புள்ளி.

நில்லாது மேலும் வினவினால் ஐந்து துறைகளும் இவ்வொன்றனுள்ளே கிடைக்கும். 1952இல் இந்திய வானொலியில், அமைச்சர் கேஸ்கர் காலத்தில், திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கிற்று. அவ்வாண்டிலேயே இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. பினாக்கா என்பது பாடகியின் பெயரன்று, பற்பசையின் பெயர். இந்திய வானொலி 1967வரை விளம்பரம் ஏற்காமையால், விளம்பரப் பணம் கடல்கடந்து கொழும்புக்கு வந்தது. போர்க்காலத்தில் நேசநாட்டுப் படையினருக்கென அமைந்த ஒலிபரப்பு வசதிகள் பின்னர் இலங்கைக்குக் கிடைத்திருந்தன. சிற்றலைகளோ, வானில் நூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள அயனமண்டலத்திற்பட்டுத் திரும்பி, இமயச் சாரல்வரை சென்று வீழ்ந்தன. தமிழ்நாட்டு ஊர்களில் மயில்வாகனனாரின் குரலைக் கேட்டு மகிழ்ந்தோர் எத்துணையர்! ஒரு பற்பசையும், ஒரு தடையும், வானிலுள்ள ஒரு படலமுஞ் சேர்ந்து ஒரு தீவின் குரலைப் பெருநிலமெங்கும் ஒலிப்பித்தன.

நாணயத்தைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அது தமிழாசிரியராகிய எம்மையே சுடுவது. ஆங்கிலத்திற் பணத்தைக் குறிக்கும் 'காஷ்' என்னுஞ் சொல் நம் 'காசு' என்பதிலிருந்தே பிறந்ததென நாமும் பல்லாண்டு வகுப்பில் முழங்கினோம். உண்மை பாதியே. கீழைநாட்டுச் சிறு செப்புக்காசைக் குறிக்கும் 'காஷ்' போர்த்துக்கேயர் வாயிலாக நம் சொல்லிலிருந்து சென்றது. கைப்பணத்தைக் குறிக்கும் 'காஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழிவந்தது. உருவொன்று, பிறப்பிரண்டு. நந்தியும் 'சேது' என்னும் எழுத்தும் பொறித்துக் காசு வெளியிட்ட யாழ்ப்பாணத்தரசரின் நாட்டிற் பிறந்தோர்க்கு இரவற்பெருமை எதற்கு?

பலதுறைச் செய்திகளைத் தொகுத்தல் நம்மூர்க்குப் புதிதன்று. 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' விஞ்ஞானத்தையும் தேச வர்த்தமானத்தையும் இங்கே பரப்பிற்று. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவருமுன்னரே, 1902இல், மானிப்பாய் முத்துத்தம்பிப்பிள்ளையவர்களின் 'அபிதானகோசம்' யாழ்ப்பாணத்தில் வெளிவந்துவிட்டது. அகரவரிசையில் ஒரு பெயரைத் தேடிச் செல்பவன் பக்கத்திலுள்ள வேறு நான்கு பெயர்களையும் படித்துத் திரும்புவான். அத்தகைய நூலின் பயன் அதுவே.

அடுத்த போட்டியில் ஒரு சுற்றினை மாணாக்கர் வினவவும் ஆசிரியர் விடையிறுக்கவும் அமைக்கலாமென எண்ணியுள்ளோம். பழைய மாணவரும் விடையிறுப்போர் வரிசையில் வந்தமர்வாராக. முதல் வினாவை அக்கிணற்றுப் பிள்ளையே எழுதித் தந்துவிட்டான்: "கடலை அடுத்திருக்கும் கீரிமலைக் கேணியில் நன்னீர் ஊறுவது எவ்வாறு?"