காலடியில் ஒரு இதய ஆபரேஷன்

ஓசூர் பக்கத்து மத்திகிரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பெரும்பாலும் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜெயநகர் என்று பெங்களூரு பக்கம்தான் ஏற்றிப் போகிறார்கள். பைபாஸ் முடிந்து வீடு திரும்பியவரை நலம் விசாரித்துப் பாருங்கள். "நெஞ்சு தேவலைங்க, இந்தக் காலுதான் விண்ணுவிண்ணுங்குது" என்பார்.

காலா? காலேதான்! வாங்க, தியேட்டருக்குள் எட்டிப் பார்ப்போம். எல்லார் கண்ணும் நெஞ்சு மேல். நம்ம ஹீரோ, இதய அடைப்பைச் சுற்றி ஒட்டுப்போடக் காலிலிருந்து சிரை எடுப்பவர், கால் பக்கம் குனிந்திருக்கிறார். பல இடங்களில் அவர் சர்ஜன்கூட இல்லை, பிசிஷியன் அசிஸ்டென்ட். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்த கே.எம். செரியன்தான், 1992-ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இந்த பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பையும் ஆரம்பித்துவைத்தார்.

முன்பெல்லாம் கணுக்காலிலிருந்து தொடைவரை கீறல். இப்போது பல தியேட்டர்களில் முழங்கால் அருகே இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டு, உள்ளே கேமரா, கார்பன் டை ஆக்சைடு ஊதிய சின்ன சுரங்கம்! திரையைப் பார்த்தபடியே கிளைக் குழாய்களைச் சுட்டுத் துண்டித்து, சஃபீனஸ் சிரையை முழுசாக உருவி எடுக்கிறார்கள்.

அடுத்ததுதான் கண்டம். ஒழுகுகிறதா என்று பார்க்க சிரிஞ்சால் திரவம் ஏற்றுவார்கள். கட்டைவிரல் கொஞ்சம் முரட்டுத்தனமாக அழுத்தினால் போச்சு: ஒரே ஒரு செல் கனமுள்ள உள்படலம் உரிந்துவிடும். வெளியே ஒன்றுமே தெரியாது. இதயத்தில் தைத்ததும் ரத்தம் ஜோராக ஓடும். பிறகொரு நாள் அதே இடத்தில் ரத்தக்கட்டி, அடைப்பு.

2009-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கேமரா வழி எடுக்கப்பட்டவர்களில் 46.7 சதவீதம் பேருக்கும் திறந்து எடுக்கப்பட்டவர்களில் 38 சதவீதம் பேருக்கும் சிரை பழுது. அங்கேயே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் 1,150 பேரிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள், கைதேர்ந்தவர்களை மட்டுமே எடுக்கச் சொன்னார்கள். 2018-ல் முடிவு: இதயத்துக்கு வித்தியாசமில்லை, கேமரா வழியில் கால் புண்ணில் சீழ் பாதிதான். கருவியைவிடக் கைதான் காரணம் என்பது என் கட்சி.

ஸ்வீடனின் ஓரெப்ரோவில் டொமிங்கோஸ் சோஸா வேறு வழி பிடித்தார். சுற்றியுள்ள கொழுப்போடு, ஓசூர் நர்சரிக்காரர் தாய்மண்ணோடு செடியைப் பெயர்ப்பதுபோல, சிரையை எடுப்பது, திரவம் ஏற்றி ஊதவே கூடாது. சீனாவில் 2,600-க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்ததில், மூன்று மாதத்தில் சிரை அடைப்பு 4.8-லிருந்து 2.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பாருங்கள், 2024-ல் ஸ்வீடன்காரர்களே செய்த பெரிய ஆய்வில் சொல்லும்படி ஆதாயம் தெரியவில்லை, கால் புண் மட்டும் கூடியது! சர்ஜன்கள் இன்னும் இரண்டு கட்சிதான். சர்க்கரை உள்ள கால் என்றால் இரண்டு கட்சியுமே கத்தியை எடுக்குமுன் யோசிக்கிறது.